அளவெடுக்காமல் தைத்த பாவாடை

இருங்கோ சுவாமி. அந்தக் கதிரை வேண்டாம், அதன் கால் ஆடும். இதில் இருங்கோ. முதலில் உங்கள் பைக்குள் இருக்கிற ஊதாப் பட்டியை எடுத்துக் கழுத்தில் போடுங்கோ. ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு அவஸ்தைப் பூசுதல் கொடுத்துவிட்டு நேரே இங்கே வருகிறீர்கள், பட்டி பையில்தான் இருக்கும். போட்டாயிற்றா? சரி. பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே. சுவாமி, என்னை ஆசீர்வதியும், பாவியாயிருக்கிறேன்.

முடிந்தது. இப்போது இது பாவசங்கீர்த்தனம். இனி நான் என்ன சொன்னாலும் நீங்கள் வெளியே மூச்சு விட முடியாது. கொன்வென்ற்றில் மதர் பெனடிக்ற்றா எங்களுக்கு இதைத்தான் முதலில் படிப்பித்தா. சுவாமியாரைக் கொன்று போட்டாலும் சொல்லமாட்டார் என்று. முகத்தைச் சுளிக்காதேயுங்கோ. இந்த வவுனியாவில் ஆமி தருகிற பாஸ் இல்லாமல் நானும் வெளியே போக முடியாது, நீங்களும் போக முடியாது. என் கதை மட்டும் ஏன் போகவேண்டும்?

தேத்தண்ணீர் பிறகு தருகிறேன். இப்போது தந்தால் குடித்துவிட்டு எழும்பிவிடுவீர்கள்.

நீங்கள் வந்தது மாதாவைப் பார்க்க. பாருங்கோ, அந்த மாடத்தில் நிற்கிறா. நீல மேலங்கி, வெள்ளி நூலில் நட்சத்திரம், நெற்றிவரை முக்காடு. வடிவுதானே? எல்லாம் என் கைத்தையல். இந்த வீட்டுக்காரர் சின்னராசா முதலாளி அவவுக்கு ஒரு வெள்ளி முடி செய்விக்கிறார், நேர்த்திக்கடன். அவருடைய லொறி கண்ணிவெடியில் தப்பினதுக்கு. நாளைக்கு இல்லை, அதற்கடுத்த ஞாயிறு பூசை முடிந்து நீங்கள் வந்து முடியை மந்திரித்து அவவின் தலையில் வைக்கவேண்டும் என்று கேட்டிருப்பார். அதற்கு முதல், திங்கட்கிழமை தட்டார் வந்து முக்காட்டை எடுத்துவிட்டுத் தலையை அளக்கப் போகிறார்.

முக்காட்டை எடுத்தால் என்ன என்று பார்க்கிறீர்கள். முக்காட்டுக்குக் கீழே ஏற்கெனவே ஒரு முடி இருக்கிறது, சுவாமி. அவ மாதா இல்லை. அம்மன்.

கண்ணை மூடாதேயுங்கோ, நான் இன்னும் தொடங்கவே இல்லை.

எங்கள் ஊர் வலிகாமம் வடக்கு. உங்களுக்குத் தெரிந்திருக்காது, நீங்கள் மன்னார்ப் பக்கம். தொண்ணூறில் சண்டைக்கு ஊரை விட்டு எழும்பினோம், அதற்குப் பிறகு எங்கள் ஆக்கள் யாரும் அந்த ஊரைக் கண்ணால் காணவில்லை. எங்கள் வளவுக்கும் அம்மன் கோயில் வளவுக்கும் நடுவில் ஒரே ஒரு வேலி. சின்னக் கோயில், ஒரு குடும்பத்துக்குச் சொந்தமானது. அந்தக் குடும்பத்தின் மருமகள் நாகேசுவரி. நாகேசு என்றுதான் எல்லாரும். கோயில் வீட்டுக்காரி என்ற நினைப்பு அவவுக்குத் தலை நிறைய. விடியக் காலமை ஸ்பீக்கரைக் கட்டிவிட்டால் என் வீட்டு மாமரத்துக் காகம்கூட இருக்காது. அது போகட்டும். பொறுத்தேன். வேலியைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒவ்வொரு வருசமும் கதியால் மாற்றும்போது அவவின் புருஷன் ஒரு சாண் எங்கள் பக்கம் தள்ளிப் போடுவார். தடி தளிர்த்து வேர்விட்ட பிறகு யார் பிடுங்குவது? நான் கேட்டேன். அதற்கு அவ, "ஸ்கொலஸ்ரிக்கா, உம்மட வேலிதான் எங்கட மண்ணைத் தின்னுது" என்றா. "போய் உம்மட அம்மனிட்டைக் கேளும், ஆர் கள்ளர் எண்டு" என்றேன் நான்.

அதுதான் கடைசிக் கதை. அதற்குப் பிறகு அவவோடு ஒரு சொல் கதைக்கவில்லை. இப்போது அந்த வேலியும் இல்லை, வீடும் இல்லை, எல்லாவற்றையும் புல்டோசர் போட்டு மட்டமாக்கிவிட்டார்கள் என்று கேள்வி. ஆனால் ஒரு சாண் ஒரு சாண்தானே, சுவாமி.

இனி இந்த வீடு. நாங்கள் கிளாலிக் கடலைக் கடந்து, வன்னியெல்லாம் அலைந்து, ஒருமாதிரி வவுனியாவுக்கு வந்து சேர்ந்தபோது சின்னராசா முதலாளிதான் இந்த முன் அறையையும் குசினியையும் வாடகைக்குத் தந்தார். பழைய சாமான் வியாபாரம். என்ன பழைய சாமான் என்று நான் கேட்கவில்லை, சனம் விட்டுவிட்டுப் போன வீடுகளிலிருந்து கதவு வரும், நிலை வரும், குத்துவிளக்கு வரும். யார் கழற்றினது, யார் கொண்டுவந்தது என்று நீங்களும் கேட்காதேயுங்கோ. அவன் இவன் என்றில்லை, கையில் அகப்பட்டவன் எல்லாரும்தான். மனிசன் மோசமில்லை. சந்தனப் பொட்டு, வெள்ளிக்கிழமை விரதம், எங்களுக்கு மழைக்கு ஓலை மாற்றித் தந்தவர். களவுச் சாமான் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

ஒருநாள் பின்பக்கத்து அறை திறந்து கிடந்தது. சிரட்டை எடுக்கப் போனேன். கோயில் மணிகள், தேவாலயத்து மெழுகுதிரித் தண்டுகள், எல்லாம் ஒரே குவியலாக. அவர் சமய வேறுபாடு பார்க்கிறவர் இல்லை. மூலையில் ஒரு அரிசிச் சாக்கு. சாக்கின் கீழே இரண்டு பாதம்.

பாதத்தைக் கண்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்றால், தீர்த்தத் திருவிழாவுக்கு அம்மன் எங்கள் கேற்றைத் தாண்டித்தான் போவா. மற்ற வீட்டுக்காரர் நிறைகுடம் வைப்பார்கள், நாங்கள் வேதக்காரர், வைப்பதில்லை. ஆனாலும் எங்கள் கேற்றடியிலும் ஒருக்கால் நிறுத்துவார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இடது கைச் சின்னவிரல் முறிந்து வேறு வெண்கலத்தில் ஒட்டியிருக்கும், வலது கன்னத்தில் ஒரு சின்னப் பள்ளம், காற்பெருவிரல் இரண்டும் தொட்டுத் தொட்டு மழுங்கி மினுங்கும், உதட்டில் ஏதோ சொல்ல வந்து நிறுத்தினது போல ஒரு சிரிப்பு. அவ்வளவுதான் தெரியும். சாக்கை அவிழ்த்தேன். அவதான். ஒன்றரை அடி உயரம், என்ன பாரம்.

அதற்கு இரண்டு நாளைக்கு முன்னர்தான் முதலாளி யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது சுவருக்கால் கேட்டது. கொழும்பிலிருந்து ஒரு துரை சாமான் பார்க்க வருகிறாராம், பிடித்தால் வெளிநாட்டுக்குப் போய்விடுமாம். நான் யோசித்தேன். நாகேசுவின் அம்மன் யாரோ வெள்ளைக்காரன் வீட்டில் பூச்சாடிக்குப் பக்கத்தில் நிற்கும். நாகேசுவுக்குத் தெரியவும் வராது. அது சரியில்லை. நாகேசுவுக்குத் தெரியவேண்டும். ஸ்கொலஸ்ரிக்காதான் காப்பாற்றி வைத்திருக்கிறா என்று தெரிந்து, என் வாசலுக்கு வந்து, வாயைத் திறந்து கேட்கவேண்டும். கேட்டால் அந்த நிமிஷமே கொடுத்துவிடுவேன். இது நியாயம்தானே?

உடுப்புத் தோய்க்கிற பேசினுக்குள் அவவைக் கிடத்தி, மேலே ஈரச் சீலைகளைப் போட்டு, இடுப்பில் வைத்துக்கொண்டு முதலாளிக்கு முன்னாலேயே நடந்து வந்தேன். பொம்பிளையின் ஈர உடுப்புக்குள் கையைவிட்டுத் தேட எந்த ஆம்பிளைக்கும் மனம் வராது.

வந்தாயிற்று. எங்கே வைப்பது? இருப்பது ஒரு அறை. பின்னேரம் முதலாளி சாமானைக் காணவில்லை என்று குதிக்கத் தொடங்கிவிட்டார். இடைக்கிடை ஆமிக்காரரும் வீடு பார்க்க வருவார்கள், கட்டிலுக்குக் கீழே, அரிசிப் பானைக்குள் எல்லாம் கிண்டுவார்கள். யாரும் கை வைக்காத ஒரே இடம் பீடம். என்னுடைய மாதா சுரூபம் கிளாலியில் வள்ளம் ஆடினபோது விழுந்து தூளாகிவிட்டது. அவவின் உடுப்பு மட்டும் என்னிடம் இருந்தது. கொன்வென்ற்றில் படித்த தையல் அன்றைக்குத்தான் உதவினது, சுவாமி. மேலங்கியைப் போட்டேன். முக்காட்டைப் போட்டேன். ஆனால் ஒரு கரைச்சல். எங்கள் மாதா நேராக நிற்பா. இவ இடுப்பை ஒடித்துக்கொண்டு நிற்கிறா. எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் மாதா இடுப்பை ஒடித்துக்கொண்டு நிற்க நியாயம் இல்லை. தலையணையைப் பிரித்து, பஞ்சை எடுத்து மற்றப் பக்கத்தில் அடைத்தேன். அப்போதுதான் ஒருமாதிரி மரியாதையாக நின்றா.

முதலாளி வந்தார். அறையெல்லாம் கண்ணை ஓட்டினார். பீடத்தைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார்.

"என்னம்மா, மாதா ஏன் கறுத்திருக்கிறா?"

"பழைய சுரூபம், முதலாளி. பாட்டன் பூட்டன் காலத்தது."

அவ்வளவுதான். கன்னத்தில் போட்டுக்கொண்டு விழுந்து கும்பிட்டார். அவருக்கு எப்படித் தெரியாமல் போனது என்கிறீர்களா? அவர் அதைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தவர். முகத்தைப் பார்த்திருக்கமாட்டார்.

நான் விட்ட பிழை அதுதான், சுவாமி. வேதக்காரரின் சுரூபம், சைவச் சனம் கிட்ட வராது என்று நினைத்தேன். எங்கள் சனத்தைப் பற்றி இவ்வளவு காலம் இருந்தும் எனக்குத் தெரியவில்லை பாருங்கோ. மாதா என்றால் எல்லாருக்கும் மாதாதான். அடுத்த வீட்டுக்காரியின் மகனை ஆமிக்காரர் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். அவ வந்து இங்கே விழுந்து அழுதா. மூன்றாம் நாள் பெடியன் வந்துவிட்டான். முடிந்தது கதை. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை செபமாலை, மெழுகுதிரி, கடலை. முதலாளி சுவரை உடைத்து அந்த மாடத்தைக் கட்டித் தந்தார். தன் சாமான் களவு போன பயத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் இரும்புக் கேற் போட்டு, ஆறு மணிக்குப் பூட்டித் திறப்பைத் தன் இடுப்பில் செருகிக்கொள்கிறார். எந்தச் சாமான் போனதென்று பூட்டுப் போட்டாரோ, அந்தச் சாமானோடு என்னையும் சேர்த்துப் பூட்டி வைத்திருக்கிறார். நான் அவவைக் களவெடுத்து எவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறேன்? பின் அறையிலிருந்து முன் அறைக்கு.

ஒவ்வொரு சனியும் முன்வரிசையில் நின்று கேட்கிறார். "அம்மா, நீங்கள்தான் மாதாவோட நெருக்கம். என்ர சாமானை எடுத்தவன் ஆரெண்டு காட்டிவிடச் சொல்லுங்கோ."

"சொல்லுறன் முதலாளி" என்கிறேன். வேறென்ன சொல்ல?

வெளியே கொண்டுபோக முடியாது, ரோட்டுக்கு ரோட்டு ஆமிக் காவல், சென்றி. உண்மையைச் சொல்ல முடியாது, முதலாளி என்னைத் தெருவில் விடுவார். மகள் கனடாவிலிருந்து வா வா என்கிறாள், எப்படிப் போவது? இவவை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? நான் அவவைக் கும்பிடுவதில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். தூசு தட்டுவேன். உடுப்பு மாற்றுவேன். வெக்கையென்றால் கொஞ்சம் விசிறிவிடுவேன். இரவில் செபம் முடிந்த பிறகு அன்றன்றைக்கு நடந்ததைச் சொல்வேன். அது கும்பிடுவது இல்லையே.

நாகேசுவா? வராமல் இருப்பாவா? அவவும் இடம்பெயர்ந்து இங்கேதான், குளக்கட்டடியில் ஒரு கொட்டிலில் இருக்கிறா. புருஷன் இல்லை இப்போது. ஊரெல்லாம் வரும்போது அவவும் ஒரு சனிக்கிழமை வந்தா. கடைசியில் இருந்தா. எல்லாரும் முகத்தைப் பார்த்தார்கள், அவ காலைப் பார்த்தா. மேலங்கிக்குக் கீழே இரண்டு பெருவிரலும் தெரிந்துகொண்டிருந்தது, எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவ அசையவில்லை. செபமாலை முடிந்து சனம் எழும்பின பிறகும் இருந்தா. நான் அவவைப் பார்த்தேன், அவ என்னைப் பார்த்தா. சரி, இப்போது கேட்கப் போகிறா என்று நினைத்தேன்.  எழும்பிப் போய்விட்டா.

அன்றைக்கே விளிம்பை அவிழ்த்து நீட்டிவிட்டேன்.

அடுத்த சனி செவ்வரத்தம்பூவோடு வந்தா. மாதாவுக்கு யாராவது செவ்வரத்தம்பூ கொண்டுவருவார்களா? ஒரு லில்லி, ஒரு ரோசா, சரி. கொண்டுவந்து காலடியில் வைத்தா. அன்றிலிருந்து ஒரு சனி தவறவில்லை. முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போகிறா. "அருள் நிறைந்த மரியே" மனப்பாடமாகிவிட்டது அவவுக்கு, எங்கள் ஆக்களைவிடத் திருத்தமாகச் சொல்கிறா. எல்லாம் சொல்கிறா, கேட்கவேண்டிய ஒன்றை மட்டும் கேட்கிறா இல்லை. அவ்வளவு தலைக்கனம்.

என் புருஷன் பின்னுக்கு இருந்து சொல்வார், "நீயாவது ஒரு சொல்லுக் கதைச்சால் என்ன?" என்று. நான் ஏன் கதைக்கவேண்டும்? சாமான் யாருடையது? அவவுடையது. அப்போ யார் கேட்கவேண்டும்?

பிறகு செய்த வேலையைக் கேளுங்கோ. முதலாளியின் பெண்சாதி ஒரு பொட்டலம் கொண்டுவந்து தந்தா. "நாகேசுவரியக்கா தந்துவிட்டவ. மாதாவுக்கு உள்ளுக்குப் போட ஒரு பாவாடையாம்." பிரித்துப் பார்த்தேன். சிவப்புப் பட்டு. பழைய கூறைச் சீலையை வெட்டித் தைத்தது, அவவின் கலியாணச் சீலையாகத்தான் இருக்கும், வேறு பட்டுக்கு அவ எங்கே போவா? காலடியில் பூ வைக்கிறதோடு சரி, அளவெடுக்க அம்மனைத் தொட்டவகூட இல்லை. ஆனால் போட்டுப் பார்த்தால், சுவாமி, மயிரிழை பிசகில்லை. அதுமட்டுமில்லை. ஒடிந்த இடுப்புக்கு எதிர்ப்பக்கத்தில் கொய்யகத்தைக் கூட வைத்து, அடுக்கடுக்காக மடித்து, அந்த ஒடிவு தெரியாமல் தைத்திருக்கிறா. என் பஞ்சு தேவைப்படவே இல்லை. அம்மன் மாதாவைப்போல நேராக நின்றா.

எனக்கு வந்த ஆத்திரம். என் தையலைக் குறை சொல்கிறா, விளங்குகிறதா? பஞ்சு அடைத்தது சரியில்லையாம், பிதுங்கித் தெரிகிறதாம். கொன்வென்ற்றில் பரிசெடுத்தவ நான்.

ஏன் சிரிக்கிறீர்கள்?

வேறு எதற்குத் தைத்தவவாம்? ... ஒளித்துவைக்க எனக்கு உதவிசெய்தவவா? அவவின் அம்மனை, நான் ஒளித்துவைக்க, அவ உதவியா? தன் கலியாணச் சீலையை வெட்டியா?

... பொறுங்கோ. ஒரு நிமிஷம் பொறுங்கோ.

வெக்கையாக இருக்கிறது. இந்த அறையில் காற்றே இல்லை.

சரி, அது எப்படியும் இருக்கட்டும். எனக்கு இப்போது கவலை திங்கட்கிழமை. தட்டார் முக்காட்டைத் தூக்கினால் முதலாளிக்கு விளங்கும், ஊருக்கு விளங்கும், அம்மன் திரும்பவும் அரிசிச் சாக்குக்குள். அடுத்த துரை வந்தால் போய்விடுவா. அதற்கு முதல் நீங்கள் ஒன்று செய்யவேண்டும். உங்கள் மிஷன் வீட்டில் உபயோகமில்லாமல் ஒரு மாதா சுரூபம் நிற்கிறதாம், மூக்கு உடைந்தது என்று. மூக்கு பரவாயில்லை, முக்காடு இருக்கிறது. மந்திரிப்புக்கு முதல் சுரூபத்தைக் கோயிலில் ஒரு இரவு வைத்துச் செபிக்க வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லி இவவை இன்றைக்கே உங்கள் வானில் ஏற்றுங்கோ. நாளைக்கு மற்றதை, முகத்தில் கொஞ்சம் விளக்குக் கரி பூசி, என் நீல உடுப்போடு கொண்டுவாருங்கோ. சுவாமியாரின் வானை சென்றியில் அவ்வளவாகக் கிண்டமாட்டார்கள். முதலாளியும் உங்கள் வாய்ச்சொல்லை நம்புவார். இவவை மிஷன் வீட்டில் பூட்டி வைத்து, பிறகு ஆயர் ஆண்டவரின் இல்லத்துக்கோ எங்கேயோ அனுப்பிவிடுங்கோ. நல்ல யோசனைதானே?

செய்கிறீர்களா? மெத்தப் பெரிய உபகாரம், சுவாமி. நீங்கள் இளம் ஆள், யோசிப்பீர்கள் என்று பயந்தேன். தேத்தண்ணீர் போடட்டா?

என்ன, இன்னும் முடியவில்லையா?

சொந்தக்காரியைக் கேட்காமல் தொடமாட்டீர்களா? அப்படியென்றால் நீங்களே கேளுங்கோ. ... உங்களால் கேட்க முடியாதா? ஏன்? ... ஓ. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே மூச்சு விட முடியாது.

அது நான் சொன்னதுதான். ஓம், நான்தான் சொன்னேன். உங்களை இருத்தி வைக்கச் சொன்னதைக் கொண்டு என்னையே இருத்துகிறீர்கள்.

அபராதமா? எனக்கா? பாவசங்கீர்த்தனம் என்றால் அபராதம் உண்டு, சரி, தாங்கோ. செபமாலை தாங்கோ. பத்துத் தாங்கோ, முழங்காலில் நின்று சொல்கிறேன். இந்த வயதில் இந்த முழங்காலோடு. ஒருசந்தி இருக்கிறேன், வெறுந்தண்ணீரோடு. ஆனால் இது என்ன அபராதம்? அவவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதா? நானா? அவவா என்னைக் கள்ளி என்றது, நானா அவவை... 

சரி, இரண்டு பேரும்தான்.

நான் கூப்பிட்டால் அவ வென்றதாக இருக்கும், சுவாமி. அந்த ஒரு சாணும் அவவுடையது என்று ஆகிவிடும். நீங்கள் மன்னார், உங்களுக்கு வேலி விளங்காது. ... தெரிகிறது. இப்போது அங்கே புல் முளைத்துக் கிடக்கிறது. தெரிகிறது. நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டுமா?

அந்தக் காலத்தில் சுவாமிமார் ஐந்து பரமண்டல மந்திரத்தோடு விட்டுவிடுவார்கள்.

இரும்புக் கேற் சத்தம். அவதான். செபமாலைக்கு இன்னும் நேரம் கிடக்கிறது, இருந்தாலும் அவதான். நான் பார்க்காமலே சொல்வேன், கையில் அஞ்சாறு செவ்வரத்தம்பூ, வாழையிலையில் சுற்றினது. வாசற்படிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமோ கூடாதோ என்று ஒவ்வொரு சனியும் அதில் கொஞ்ச நேரம் நிற்பா. நான் ஒருநாளும் வா என்று சொன்னதில்லை.

மெலிந்து போனா. ஊரில் இருக்கும்போது என்ன ஆள்.

 உந்தத் தண்ணியைத் தாங்கோ சுவாமி.

நாகேசு.

நாகேசு, உதிலை நிக்காமல் உள்ளுக்கு வாரும். வந்து கதவைச் சாத்தும். என்ன பாக்கிறீர்? உம்மைத்தான். நீர் தைச்ச பாவாடைக்கு நாடா இத்துப்போச்சு, நான் கட்டினால் நிக்குதில்லை. அவ தூரப் போகப்போறா, வழியில அவிழ்ந்தால் வடிவில்லை. வந்து உம்மட கையால கட்டிவிடும்.

அழாதையும். பூ நசியுது.

சுவாமி, நீங்கள் கொஞ்சம் அங்கால திரும்பி இருங்கோ. அவவுக்கு உடுப்பு மாத்தவேணும்.